முதுகு வளைவுக்குப் பெல்ட்டா, பிரேஸா, பேக்கேஜா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவு), எக்ஸ்ரேயில் அந்த வளைவை அளக்கும் காப் கோணம் 24 டிகிரி என்றார். வலது தோள்பட்டைக்குக் கீழே கூன் போட்டதுபோல் தெரிகிறது. தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் 'போஸ்ச்சர் கரெக்டர்' பெல்ட் ஆன்லைனில் 799 ரூபாய்க்குக் கிடைக்கிறது. "வளைந்த முதுகெலும்பை நேராக்கும்" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காசு வீணாவது ஒருபுறம் இருக்க, அந்தப் பெல்ட் உங்கள் மகளின் முதுகைத் தப்பான திசையில் இழுக்கும்.

முதுகெலும்பு நேராக இருக்க வேண்டியது பின்னாலிருந்து பார்க்கும்போது மட்டும்தான். பக்கவாட்டில் பார்த்தால் அது வளைந்தே இருக்க வேண்டும். கழுத்து முன்பக்கமாக, நெஞ்சுப் பகுதி பின்பக்கமாக, இடுப்பு மறுபடி முன்பக்கமாக வளையும். நெஞ்சுப் பகுதியில் சுமார் 20 முதல் 45 டிகிரி, இடுப்பில் சுமார் 40 முதல் 60 டிகிரி என்பது பொதுவாகக் காணும் அளவு. ஸ்கோலியோசிஸில் எலும்பு பக்கவாட்டில் சாய்வதோடு முள்ளெலும்புகள் சுழலவும் செய்கின்றன. பதின்வயதில் வரும் வகையில், பலருக்கு நெஞ்சுப் பகுதியின் இயல்பான பின்வளைவு குறைந்து முதுகு தட்டையாகிவிடுகிறது. நீங்கள் கூன் என்று நினைப்பது, சுழன்ற முள்ளெலும்போடு சேர்ந்து பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் விலா எலும்புகள். அந்த இடத்தில் முதுகெலும்பு கூனியிருக்காது. வழக்கத்தைவிடத் தட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தோளைப் பின்னால் இழுக்கும் பெல்ட் ஏற்கெனவே தட்டையான முதுகை இன்னும் நிமிர்த்தும். பக்கவாட்டு வளைவின் மீது அதற்குப் பிடிமானமே கிடையாது. "நெஞ்சை நிமிர்த்தி நில்" என்று வீட்டில் அதட்டுவதும் இதே காரணத்தால் பயன்தராது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் சிலர் டெய்லர் பிரேஸை எடுத்துக் கொடுப்பார்கள். முதுகின் இருபுறமும் கம்பி ஓடும் அந்தப் பிரேஸ், முதுகெலும்பு முறிவு போன்றவற்றில் முன்னும் பின்னும் குனிந்து நிமிராமல் தடுப்பதற்கானது. அதையும் வாங்காதீர்கள்.

இப்போது செலவழிக்க வேண்டியது சரியான எக்ஸ்ரேக்கு. நின்ற நிலையில், கழுத்தின் அடியிலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரே படத்தில் வர வேண்டும். பின்னாலிருந்து முன்னோக்கி எடுக்கச் சொல்லுங்கள். மார்பகத்துக்குப் போகும் கதிர்வீச்சு குறையும். முதல் முறை பக்கவாட்டுப் படமும் ஒன்று வேண்டும். இடுப்பெலும்பின் விளிம்பைப் பார்த்து, எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டும் ரிஸ்ஸர் நிலை 0 முதல் 5-க்குள் எது என்று டாக்டர் சொல்வார். 0, 1, 2 என்றால் இன்னும் வளர்ச்சி பாக்கி. மாதவிலக்கு தொடங்கிவிட்டதா, எப்போது என்பதையும் சொல்லுங்கள். வளரும் பிள்ளைக்கு 25 டிகிரியை ஒட்டித்தான் ஸ்கோலியோசிஸ் பிரேஸ், அதாவது உடலைச் சுற்றி அணியும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு, பற்றிய பேச்சு தொடங்கும். 4 முதல் 6 மாதத்தில் மறு எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். காப் கோணத்தை அளப்பதிலேயே 5 டிகிரி வரை பிசகு வரும். அதனால் 24 இருந்தது 27 ஆனால் பதற வேண்டாம். 30 ஆனால் வளைவு கூடுகிறது என்று பொருள்.

கேள்வி: 13 வயது மகளுக்கு 32 டிகிரி. பிரேஸ் போடச் சொல்லிவிட்டார்கள். ஒரு கடையில் மார்பு, இடுப்பு அளவை டேப்பில் எடுத்து ஒரு விலை சொன்னார்கள். இன்னோரிடத்தில் உடலை ஸ்கேன் செய்து தயாரிப்போம் என்று மூன்று மடங்கு கேட்கிறார்கள். அவ்வளவு வித்தியாசம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ஸ்கேனர் இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. மாவுக்கட்டில் அச்செடுத்துச் செய்த பிரேஸும் பிரமாதமாக இருக்கலாம். ஸ்கேன் செய்துவிட்டு உடம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு மட்டும் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள்.

பிரேஸை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். வளைவு புடைத்திருக்கும் பக்கம் அழுத்தும் மேடு இருக்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கம் உடல் நகர்ந்து போக வெற்றிடம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்கும் கூட்டில் முதுகெலும்பு போக இடமில்லை, எனவே திருத்தமும் இல்லை. உள்ளொடுங்கிய பக்கத்தில் பின்புறமும் இடம் விட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது விலா அந்த இடத்துக்குள் பின்னோக்கி விரிய வேண்டும். அது இல்லாமல் புடைப்பைப் பின்னாலிருந்து நேராக முன்னே அமுக்கினால், காப் கோணம் காகிதத்தில் குறையும், முதுகோ தட்டையாகிவிடும். பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் கேட்காமலே பிரேஸ் செய்ய ஒப்புக்கொள்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இடுப்புக் குழிவும் அதேபோல முக்கியம். 1970-களில் வந்த பாஸ்டன் பிரேஸின் முதல் வடிவம் இடுப்பின் முன்வளைவைக் குறைத்தே செய்யப்பட்டது. பின்னால் வந்த வடிவமைப்புகள் அந்த வளைவைக் காப்பாற்றும் பக்கம் நகர்ந்தன. பிரான்ஸின் ஷெனோ வகையும் அதிலிருந்து கிளைத்தவையும் சுழற்சியைத் திருத்துவதில் கூடுதல் கவனம் செலுத்துகின்றன. ஆனால் பெயர்ப்பலகையைவிடச் செய்பவரின் கைத்திறன்தான் பெரிது. அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆர்த்தோட்டிஸ்டா (பிரேஸ் செய்து பொருத்தும் நிபுணரா) என்று கேட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை முறை பட்டை, பேட் (உள்ளே அழுத்தும் மேடு) சரிசெய்து தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணமா, பிள்ளை வளர்ந்து பிரேஸ் பற்றாமல் போனால் அடுத்ததற்குச் சலுகை உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வளரும் பிள்ளைக்கு ஒரு பிரேஸ் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருடம்தான் வரும். மாட்டிய 4 முதல் 6 வாரத்தில் பிரேஸோடு நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 32 டிகிரி பிரேஸுக்குள் 16-ஐ ஒட்டி வந்தால் நல்ல பிரேஸ். 28-லேயே நின்றால் பேட்டை மாற்ற வேண்டும், அல்லது புதிதாகச் செய்ய வேண்டும். ஆகவே கடைசித் தவணையை அந்த எக்ஸ்ரே வந்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். ஒப்புக்கொள்ளத் தயங்குபவரைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரேஸ் நேராக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வளர்ச்சி முடியும்வரை வளைவு கூடாமல் தடுப்பதே அதன் வேலை. 2013-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்றில் 20 முதல் 40 டிகிரி வளைவுள்ள 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். ஒரு நாளைக்குச் சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வெற்றி. டாக்டர் 18 மணி நேரம் என்று எழுதியிருந்தால், தூங்கும் நேரத்தோடு சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

கேள்வி: பிரேஸ் வந்துவிட்டது. இந்த வெயிலில் பையன் இரண்டு மணி நேரம்கூடப் போட மறுக்கிறான். தோல் சிவந்துவிடுகிறது.

பதில்: முதல் நாளே 18 மணி நேரம் போட முடியாது. இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். உள்ளே தையல் மேடு இல்லாத, உடலோடு ஒட்டிய பருத்தி பனியன், சுருக்கமில்லாமல். வியர்த்தால் உடனே மாற்று பனியன். பவுடர், கிரீம், எண்ணெய் எதையும் பிரேஸுக்கு அடியில் தடவாதீர்கள். தோல் இளகிப் புண்ணாகும். அழுத்தும் மேடுகள் உள்ள இடத்தில் சிவப்பது சரி. கழற்றி அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டாலோ, இடுப்பெலும்பு முனையில் கொப்புளம் வந்தாலோ ஆர்த்தோட்டிஸ்டிடம் போங்கள். நீங்களே பட்டையைத் தளர்த்தாதீர்கள். தளர்ந்த பிரேஸ் மேலே ஏறி அக்குளில் உரசும். பட்டையில் எந்த இடம்வரை இழுக்க வேண்டும் என்று மார்க்கர் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் தொடையில் குத்துகிறது என்றால் கீழ் விளிம்பைச் சற்று வெட்டித் தருவார்கள்.

கேள்வி: ஒரு முதுகு கிளினிக்கில் "கழுத்தின் இயல்பான வளைவை மீட்டால் ஸ்கோலியோசிஸ் தானாக நேராகும்" என்று 40 அமர்வுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கிறார்கள். 29 டிகிரி 21 ஆன எக்ஸ்ரேக்களும் காட்டினார்கள்.

பதில்: இயல்பான வளைவுகள் முக்கியம் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் விற்கிறார்கள். கழுத்து வளைவு ஆளுக்கு ஆள் மாறும். எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்குக் கழுத்து நேராகவே இருக்கும். அதை வளைத்தால் கீழே சுழன்றிருக்கும் நெஞ்சுப் பகுதி திரும்பிவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

இரண்டு படங்களையும் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டும் நின்று எடுத்தவையா? படுத்தால் வளைவு தானாகவே குறையும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்தாலும் சில டிகிரி மாறும். மேல், கீழ் எல்லையாக இரண்டிலும் ஒரே முள்ளெலும்புகளை வைத்து அளந்திருக்கிறார்களா? அளவைப் பிசகு 5 டிகிரியையும் கழித்தால் 8 டிகிரி வெற்றியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மேலே சொன்ன ஆய்வில் பிரேஸ் போடாத பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 50 டிகிரி என்ற அறுவைச் சிகிச்சை எல்லைக்குப் போகவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எதுவும் செய்யாத வைத்தியரும் அந்தப் பாதியைத் தன் கணக்கில் காட்டலாம்.

உடற்பயிற்சி வேண்டுமென்றால் ஸ்கோலியோசிஸுக்கென்றே உள்ள முறைகளில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைத் தேடுங்கள். ஜெர்மனியில் கத்தரினா ஷ்ராத் 1920-களில் உருவாக்கிய முறை பரவலானது. உள்ளொடுங்கிய பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி விரிப்பது, உடலை நீட்டிச் சுழற்சியைத் திருத்திய நிலையில் தாங்கிப் பிடிப்பது, அதை உட்காரும்போதும் நிற்கும்போதும் பழக்கமாக்குவது என்று போகும். சில அமர்வுகளில் கற்றுக்கொண்டு வீட்டில் தினமும் செய்ய வேண்டிய விஷயம் இது. வாழ்நாள் முழுக்க கிளினிக்குக்கு வரவழைக்க வேண்டியதில்லை. பிரேஸ் தேவைப்படும் பிள்ளைக்கு இது பிரேஸோடு சேர்ந்து, பிரேஸுக்குப் பதிலாக அல்ல. யோகாவில் புஜங்காசனம், தனுராசனம், சக்கராசனம் போல முதுகைப் பின்னால் வளைப்பவற்றைத் தட்டை முதுகுள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதே இந்த முறைகளைச் சொல்லித் தருபவர்களின் வழக்கமான அறிவுரை. பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. சிறுவயது வளைவு 35 டிகிரியில் நின்றுவிட்டது. இப்போது இடுப்பு வலி. பிரேஸ் உதவுமா?

பதில்: வளர்ச்சி முடிந்த எலும்பில் பிரேஸ் வளைவை மாற்றாது. பெரியவர்களுக்கு வலியோடு அதிகம் சம்பந்தப்படுவது பக்கவாட்டுக் கோணத்தைவிட, இடுப்புக் குழிவு குறைந்து உடல் முன்னால் சாய்கிறதா என்பதுதான். சுவரில் குதிகாலையும் முதுகையும் ஒட்டி நின்று பாருங்கள். முழங்காலை மடக்காமல் நிமிர முடியவில்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். தொடையின் முன்பக்கத் தசையை நீட்டுவது, புட்டத் தசையையும் முதுகுத் தசையையும் பலப்படுத்துவது, நடை ஆகியவைதான் முதல் வைத்தியம். இடுப்பு பெல்ட் வலி கூடிய நாளில் சில மணி நேரம் போதும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனை.

கேள்வி: போஸ்ச்சர் பெல்ட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். "சுகாதாரப் பொருள், திரும்பப் பெற மாட்டோம்" என்கிறார்கள்.

பதில்: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. "நேராக்கும்" என்ற வரி உள்ள பக்கத்தை, அவர்கள் மாற்றுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பில், ஆர்டர் எண், டாக்டர் சீட்டு ஆகியவற்றோடு முதலில் விற்பவருக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 799 ரூபாய்க்கு ஆணையம் வரை போவது உங்கள் விருப்பம். ஆனால் 40 அமர்வுப் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கும் இதே வழிதான். அவர்கள் போகத்தான் வேண்டும்.

கேள்வி: ஆர்த்தோ மெத்தை வாங்கினால், பள்ளிப் பையை இரண்டு தோளிலும் மாட்டினால் வளைவு குறையுமா?

பதில்: குறையாது. பையால் ஸ்கோலியோசிஸ் வருவதும் இல்லை. மெத்தைக்கு ஒதுக்கிய பணத்தைப் பிரேஸ் கணக்கில் சேருங்கள்.