பிற நாட்டுச் சிறுவர் புத்தகங்களில் பயமும் சாவும் வருகின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

இரவில் மகளுக்குப் படித்துக்காட்ட உலகச் சிறுவர் கதைகளைத் தேடினால் பூதம், தாயில்லாப் பிள்ளை, சாவு, யார் சொல்லுக்கும் அடங்காத சிறுமி என்றே வருகிறது, இவற்றைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. கதையில் பயம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, எழுதியவர் அந்தப் பயத்தை எதற்காகக் கொண்டுவந்தார் என்று பாருங்கள். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துவருகிறேன். ஒரு புத்தகத்தை எடுப்பதும் விடுவதும் இந்த ஒன்றை வைத்துத்தான்.

ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் தன் சிறு மகனுக்காக எழுதி, 1845இல் அச்சான ‘ஸ்ட்ரூவல்பீட்டர்’ என்ற படப்பாடல் புத்தகம் ஒன்று உண்டு. அதில் விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்கள் இரண்டையும் ஒரு தையற்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறான். தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள். சூப் வேண்டாம் என்றவன் ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். மிகைப்படுத்திய வேடிக்கை என்று அதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அங்கே பயம் ஒரு பிரம்பு. பிள்ளையை வழிக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. அந்த வகையை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது பின்லாந்தின் தோவே யான்சன், மூமின் என்ற கற்பனை உயிரினக் குடும்பத்தை வைத்து எழுதிய கதைகளுக்கு வாருங்கள். அங்கும் குரோக் என்று ஒரு பயங்கர உருவம் உண்டு. மலைபோல் இருக்கும், அதிகம் பேசாது, அது உட்கார்ந்த இடத்தில் தரை உறைந்துபோகும். வெளிச்சத்தையும் சூட்டையும் தேடி வரும், ஆனால் அது நெருங்கினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள். 1965இல் வந்த ஒரு மூமின் நாவலில் குடும்பம் ஒரு தீவுக்குக் குடிபோகிறது. விளக்கொளியைத் தொடர்ந்து குரோக்கும் அங்கே வந்துவிடுகிறது. சிறுவன் மூமின்ட்ரோல் இரவுதோறும் யாருக்கும் தெரியாமல் விளக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறான், குரோக் பார்ப்பதற்காக. கடைசியில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோய் விளக்கில்லாமல் வெறுங்கையோடு போகிறான். குரோக்கோ அவனைக் கண்ட மகிழ்ச்சியில் ஆடுகிறது. அது நின்ற மணல் அன்று உறையவில்லை. பூதத்துக்கும் தனிமை இருக்கும் என்பதை யான்சன் பாடமாக்கிச் சொல்வதில்லை. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்து, “பாவம் அது” என்கிறார்கள். இந்தப் பகுதியை வாசிக்கும்போது நான் வேண்டுமென்றே மெதுவாகப் போவேன்.

சாவு வரும் புத்தகங்களில் ஸ்வீடனின் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1973இல் எழுதிய ‘லயன்ஹார்ட் சகோதரர்கள்’ எனக்கு முதன்மையானது. இன்னும் பத்து வயது நிரம்பாத கார்ல் நோயாளி. தான் பிழைக்கமாட்டேன் என்பது அவன் காதில் விழுந்துவிடுகிறது. அவனைத் தேற்ற, இறந்தபின் போகும் நாடு ஒன்றைப் பற்றி அண்ணன் யோனதான் சொல்கிறான். ஆனால் முந்திக்கொள்வது அண்ணன்: வீடு தீப்பிடிக்கும்போது தம்பியை முதுகில் சுமந்து ஜன்னல் வழியே குதித்து, தம்பியைக் காப்பாற்றிவிட்டு இறந்துபோகிறான். பிறகு அந்த மறு நாட்டிலும் கொடுங்கோலனும் டிராகனும் காத்திருக்கிறார்கள். முடிவைப் பற்றி ஸ்வீடனில் பெரியவர்கள் கடுமையாக விவாதித்தார்கள். நான் பார்த்தவரை குழந்தைகள் சாவைக் கண்டு புத்தகத்தை மூடுவதில்லை. இருவரும் மறுபடி சேர்ந்தார்களா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அவ்வளவு நீளம் வேண்டாமென்றால் ஜெர்மானியரான வோல்ஃப் எர்ல்புருக்கின் 2007ஆம் ஆண்டுப் படக்கதை இருக்கிறது. ஒரு வாத்தின் பின்னாலேயே மரணம் வருகிறது. இரண்டும் நட்பாகின்றன, குளத்தில் நனைந்து நடுங்கும் மரணத்தின்மேல் படுத்து வாத்துதான் சூடேற்றுகிறது. பிறகு ஒரு நாள் வாத்து இறந்துவிடுகிறது. பொய் ஆறுதல் ஒரு வரிகூட இல்லை.

அடங்காத பிள்ளைகள் பற்றிய உங்கள் தயக்கத்துக்குப் பிப்பியே பதில். அவளும் லிண்ட்கிரெனின் படைப்புதான். நோயில் படுத்திருந்த தன் மகள் கேட்டதற்காகச் சொல்லத் தொடங்கி 1945இல் புத்தகமானது. ஒன்பது வயது, தாய் இல்லை, தந்தை கடலில் காணாமற்போனவர். ஒரு குதிரையோடும் குரங்கோடும் தனியே வாழ்கிறாள். குதிரையையே தூக்கும் பலம் இருந்தும் தன்னைவிட எளியவர்மேல் அதைக் காட்டுவதே இல்லை. திருட வந்தவர்களைத் தன்னோடு ஆடவைத்து, ஆளுக்கொரு தங்கக்காசு கொடுத்து அனுப்புகிறாள். இவளிடம் உங்கள் மகள் கற்கக்கூடாதது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே லிண்ட்கிரென் 1978இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பரிசு பெற்றபோது, பிள்ளைகளை அடிப்பதற்கு எதிராகப் பேசினார். அடிக்கக் குச்சி கொண்டுவரச் சொன்ன தாயிடம் ஒரு சிறுவன் அழுதுகொண்டே கல்லோடு வந்து, குச்சி கிடைக்கவில்லை, இதை என்மேல் எறியலாம் என்றானாம். அடுத்த ஆண்டு ஸ்வீடன் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடைசெய்தது. உலகில் முதலில் செய்த நாடு அதுதான்.

அமெரிக்கரான மாரிஸ் செண்டாக்கின் 1963ஆம் ஆண்டுப் படக்கதையிலும் சேட்டைக்காரன்தான் நாயகன். இரவு உணவில்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட மாக்ஸ் கற்பனையில் கடல் கடந்து காட்டுப் பூதங்களுக்கு அரசனாகி, ஆட்டம் போட்டு, அலுத்துத் திரும்புகிறான். அவனுக்கான உணவு சூடாக அறையில் இருக்கிறது. கோபம் தணிந்த தாயைப் படத்தில் காட்டாமலே காட்டிவிடுகிறார்.

ஈரானின் சமத் பெஹ்ராங்கி எழுதி 1968இல் வந்த சின்னக் கறுப்பு மீனின் கதையையும் விடவேண்டாம். ஓடை எங்கே முடிகிறது என்று பார்க்கக் கிளம்பும் மீன் அது, திரும்பி வருவதில்லை. இந்தக் கதையை ஒரு கிழ மீன் தன் 12,000 பிள்ளை பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறது. 11,999 மீன்கள் தூங்கிவிடுகின்றன. ஒரு சிவப்புக் குஞ்சு மட்டும் கடலை நினைத்துக்கொண்டே விழித்திருக்கிறது.

எதையும் முதலில் நீங்கள் முழுதாகப் படித்துவிடுங்கள். வாசித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அந்தக் கேள்வி கதையைத் தேர்வுத்தாளாக்கிவிடும். போதும் என்று அவள் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மறுநாள் பகலில் அவளே கேட்டால் தொடருங்கள். ஏழு வயதுக்குச் செண்டாக்கும் பிப்பியும் நல்ல தொடக்கம். மூமின் கதைகளில் மந்திரவாதியின் தொப்பி வருவதை முதலில் எடுங்கள். தீவுக் கதை பிறகு வரட்டும். கறுப்பு மீனையும் லயன்ஹார்ட்டையும் பத்து வயதுவரை தள்ளிவைக்கலாம். அதற்குள் வீட்டில் யாராவது இறந்து அவள் கேள்வி கேட்கத் தொடங்கினால், எர்ல்புருக்கின் வாத்தை உடனே எடுத்துவிடுங்கள், வயது பார்க்க வேண்டாம்.