பிரான்சின் கிராமப்புறத்தில் கிராவல் சைக்கிள் ஓட்ட எந்தப் பாதை நல்லது?

கேள்வி: தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட்டிப் பழக்கம் உண்டு, மண்பாதை புதிது. ஒரு வார விடுப்பில் பிரான்சின் நாட்டுப்புறத்தைக் கிராவல் சைக்கிளில், அதாவது மண்பாதைக்கேற்ற அகல டயர் போட்ட சைக்கிளில், சுற்ற விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?

பதில்:

தேடினால் முதலில் கண்ணில் படுவது ஜி.டி.எம்.சி. என்ற நெடும்பாதைதான். வடக்கே மொர்வான் காட்டோரம் இருக்கும் அவலோனில் தொடங்கி, மாஸிஃப் சென்ட்ரால் மலைநாட்டைக் கடந்து மத்தியதரைக் கடலில் முடிகிறது. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஒரு வாரத்தில் ஆகிற காரியமில்லை. தவிர, அது மலைச் சைக்கிளுக்காக அமைத்த பாதை. கிராவல் சைக்கிளோடு போனால் இறங்கித் தள்ள வேண்டிய இடங்கள் நிறைய வரும். அதன் ஒரு துண்டை எடுத்துக்கொள்வது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் துலூஸ் பக்கம் வசிப்பவன். ஒரு புதுப் பாதையில் இறங்குமுன் நான் விசாரிப்பது, அதை யார் எதற்காகப் போட்டார்கள் என்பதைத்தான். பழைய ரயில் தடம் என்றால் ஏற்றம் உறைக்காது. தண்ணீருக்காக வெட்டிய கால்வாயின் கரை என்றால் ஏற்றமே இராது. மாட்டையும் ஆட்டையும் மலைக்கு ஓட்டப் போட்ட பாதை அகலமாக இருக்கும், ஆனால் சுற்றி வளைக்காமல் மேட்டில் நேரே ஏறும். மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்டதில் ஜல்லி முஷ்டி அளவு இருக்கும், அதிலும் பாதி காட்டின் நடுவே முட்டிக்கொண்டு நிற்கும்.

மண்பாதை புதிது என்கிறீர்கள். அப்படியானால் முதல் இரண்டு நாளை கனால் டு மிடி என்ற கால்வாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் ஓரம் செலவிடுங்கள். கால்வாயைச் சொல்லவில்லை, அதன் வாய்க்காலைச் சொல்கிறேன். துலூஸிலிருந்து செத் வரை 240 கிலோமீட்டர் ஓடும் கால்வாயின் கரை எல்லோருக்கும் தெரியும். துலூஸை ஒட்டிய ஐம்பது கிலோமீட்டர் தார் போட்டது. அதைத் தாண்டினால் பல இடங்களில் பிளேன் மரத்து வேர்கள் மண்ணைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன, உட்காரும் இடம் நோகும். அந்த மரங்களையும் 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் தின்றுகொண்டிருப்பதால் வரிசை வரிசையாக வெட்டி வேறு மரம் வைத்து வருகிறார்கள். நிழலை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

வாய்க்கால் அப்படியல்ல. 1660களில் பியேர்-போல் ரிக்கே இந்தக் கால்வாயைத் திட்டமிட்டபோது அவரை வாட்டிய சிக்கல், அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் இரண்டுக்கும் நடுவே உள்ள மேட்டுக்கு எப்படித் தண்ணீர் கொண்டு சேர்ப்பது என்பது. நோரூஸ் என்ற அந்த மேடு கடல் மட்டத்துக்கு மேல் 189 மீட்டர். கருமலை எனப்படும் மொன்தாஞ் ந்வார் காட்டு ஓடைகளை மறித்து, மலைச்சரிவின் மட்டம் பிடித்தே ஒரு வாய்க்கால் வெட்டி, சேன்-ஃபெரியோல் என்ற இடத்தில் பெரிய ஏரி கட்டி, அங்கிருந்து இன்னொரு வாய்க்காலில் நோரூஸுக்கு இறக்கினார். இந்த இரண்டு வாய்க்கால்களின் கரைகள்தான் என் பார்வையில் இப்பகுதியின் மிகச் சிறந்த மண்பாதைகள். நோரூஸிலிருந்து ரெவெல் ஊர் வரை வயல்களுக்கு நடுவே 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் எதிரே வந்துகொண்டிருக்கும், நீங்கள் மேலே போகிறீர்கள் என்பதைக் கால் உணராது. ரெவெலைத் தாண்டி ஏரிக்கு ஒரு மூச்சு வாங்கும் ஏற்றம். பிறகு லே காமாஸ் ஊரருகே மேல்வாய்க்கால் ஒரு குன்றைத் துளைத்துப் போகிறது. அந்தச் சுரங்கம் 1680களில் அரசரின் கோட்டைப் பொறியாளர் வோபான் வெட்டியது. அதற்கு மேலே பீச் மரக் காடு, கோடையிலும் குளிரும். வாய்க்காலுக்கும் உங்களுக்கும் இடையே வேலி கிடையாது என்பதால் குடும்பத்தோடு நடந்து வருகிறவர்களைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள்.

ஒன்று: மழை பெய்த மறுநாள், நோரூஸைச் சுற்றியுள்ள லோராகே வட்டாரத்தின் வயல்பாதைகளில் இறங்காதீர்கள். அங்கே களிமண். டயரில் ஒட்டி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்தால் அடுத்த நூறு மீட்டரில் மறுபடியும் அடைக்கும்.

மீதி நாட்களுக்கு ஓப்ராக் மேட்டுநிலமும் அதற்குத் தெற்கே கோஸ் எனப்படும் சுண்ணாம்புப் பாறை மேடுகளும். ஜி.டி.எம்.சி.யின் நல்ல துண்டு இது. பெசியேயிலிருந்து மலைக்கு ஏறும் ரயில் பாதையில் ஓமோன்-ஓப்ராக் என்ற சிறு நிலையத்தில் இறங்கி, மிய்யோவில் மறுபடி ரயிலேறலாம். ரயில்கள் மிகக் குறைவு, கால அட்டவணையை வைத்தே மற்ற நாட்களைத் திட்டமிடுங்கள்.

நாஸ்பினால் ஊரைச் சுற்றிக் கருங்கல் சுவர்களுக்கு நடுவே ஓடும் பாதைகளில் பாறை உதிர்ந்த கரடுமணல். எவ்வளவு மழை பெய்தாலும் நீரை வடித்துவிடும். மேய்ச்சல் நிலத்தைக் கடக்க இடையிடையே மின்வேலி குறுக்கே வரும். கம்பியின் ஒரு நுனியில் சுருள் வில்லும் பிளாஸ்டிக் பிடியும் இருக்கும். பிடியை மட்டும் பிடித்துக் கொக்கியிலிருந்து கழற்றி, சைக்கிளை உள்ளே தள்ளி, மறுபடி மாட்டிவிட வேண்டும். கழற்றிய கம்பி சைக்கிளின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மே மாதக் கடைசியில் மாடுகள் மேலேறி அக்டோபர் நடுவில் இறங்குகின்றன. கண்ணுக்கு மை தீட்டியது போன்ற வெளிர்பழுப்புப் பசுக்கள், கன்றோடு நிற்பவை. நடுவே புகுந்து போகாமல் ஒதுங்கிப் போங்கள்.

தெற்கே இறங்கினால் சுண்ணாம்புப் பாறை நாடு. கோஸ் மெழான் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் மொட்டை மேடு. சுற்றிலும் தார்ன், ழோன்த் ஆறுகளின் பள்ளத்தாக்குகள், சில இடங்களில் 500 மீட்டர் ஆழம். சென்த்-எனிமியிலிருந்து மேலே ஏறுவதற்குள் காலை நேரம் போய்விடும், ஏறிய பிறகு வானமும் புல்லும்தான். பெய்யும் மழை பாறை இடுக்கில் இறங்கிவிடுவதால் ஓடை என்று ஒன்று இல்லை. ஆடுகளுக்காகக் கல் பாவிய வட்டக் குட்டைகள் உண்டு, அந்த நீர் மனிதர் குடிக்க அல்ல. மூன்று லிட்டராவது சுமந்து செல்லுங்கள். கல் கூர்மையானது, இங்கே 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயருக்குக் குறைந்து போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாய்க்கால் கரைக்கு 38 போதும்.

ஆட்டு மந்தை எதிர்ப்பட்டால் வெள்ளை நாய் இருக்கிறதா என்று பாருங்கள். ஓநாய் திரும்பி வந்ததிலிருந்து காவலுக்கு பத்தூ என்ற பெரிய நாய்களை வைக்கிறார்கள். வேகமாகக் கடக்க முயன்றால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்து, மந்தையைச் சுற்றி மெதுவாக நடக்க வேண்டும். அது முகர்ந்து பார்க்கும், பார்க்கட்டும்.

வழி தேட, பிரான்சின் நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.னின் 1:25,000 வரைபடம் போதும், இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இரட்டைக் கோடு என்றால் வண்டி போகும். மெல்லிய ஒற்றைப் புள்ளிக்கோடு ஒற்றையடிப் பாதை, அதை நம்பி நாளைத் திட்டமிடக் கூடாது. மரத்திலும் கல்லிலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசியிருப்பது நடப்பவர்களுக்கான குறி. அதைப் பின்பற்றினால் படிக்கட்டில் போய் நிற்பீர்கள். முக்கோணமும் இரண்டு வட்டமும் உள்ள பலகைதான் சைக்கிளுக்கானது. தனியார் நிலம் என்று பலகை மாட்டிய காட்டுக்குள் நுழைவது 2023 முதல் அபராதத்துக்குரிய குற்றம். செப்டம்பர் முதல் பிப்ரவரி முடிய வேட்டைக்காலம். வழியோரம் வேட்டை நடப்பதாக எச்சரிக்கைப் பலகை நின்றால் குறுக்கே போகாதீர்கள், பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சோற்றுக்கு வழி: ஊர்க் கடைகள் மதியம் மூடிவிடும், ஞாயிறு பிற்பகலும் பல ஊர்களில் திங்களும் அடைத்தே கிடக்கும். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு வேளைக்கு அதிகமாகவே பையில் இருக்கட்டும். தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே, பூச்செடிக்கு ஊற்றும் பச்சை வாளிகள் தொங்கும் இடத்தில் குழாய் இருக்கும். குடிநீர் அல்ல என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப் புட்டியை நிரப்புவதை உள்ளூர்க்காரர்கள் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

எப்போது போகலாம் என்றால் ஜூன், அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் கோஸ் மேட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடைக்காது. வட்டார ரயில்களில் சைக்கிளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. பாரிஸிலிருந்து டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் வருவதாக இருந்தால் சைக்கிளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் முதலில் அதைச் செய்யுங்கள்.