பதினைந்தாவது கல்

பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம் கணவர், மாமியாருடன் ஜப்பான் போகிறோம். கியோட்டோவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது. பன்னிரண்டு கோயில்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாம் பார்த்துவிடலாமா? அத்தைக்கு 71 வயது, மூட்டு வலி. தரையில் சம்மணம் போட முடியாது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. முதல் தடவை போனபோது நானும் ஒரே நாளில் ஏழு கோயில் ஏறி இறங்கினேன். ராத்திரி படங்களைத் தள்ளிப் பார்த்தால் எந்தக் குளம் எந்தக் கோயிலில் இருந்தது என்றே பிடிபடவில்லை. அவ்வளவு தூரம் போய் அப்படிச் செய்தோமே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. மூன்று போதும்.

காலை 8 மணிக்கு ரியோவான்ஜி திறக்கும்போதே வாசலில் இருங்கள். 1450-இல் தொடங்கிய ஜென் பௌத்தக் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் நம் வீட்டுத் திண்ணை மாதிரி நீளமான மரத் தாழ்வாரம். அதன் முன்னால் சுமார் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்துக்கு வெள்ளைச் சரளைக்கல் பரப்பு. அதில் 15 பாறைகள், ஐந்து கூட்டமாக. மரமில்லை, செடியில்லை. பாறைகளின் காலடியில் மட்டும் பாசி. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் 14 பாறைகள்தான் கண்ணில் படும். நகர்ந்து உட்கார்ந்தால் மறைந்திருந்தது வரும், வேறொன்று ஒளிந்துகொள்ளும்.

எண்ணிப் பார்த்துவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். இரண்டாம் முறை போனபோது ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன். முதல் கால் மணி நேரம் கல்லைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பின்னாலிருக்கும் மண்சுவர் கண்ணில் பட்டது. எண்ணெய் கலந்து குழைத்த மண்ணில் கட்டியது. நூற்றாண்டுகளாக அந்த எண்ணெய் கசிந்து கசிந்து, பழைய வீட்டுச் சமையலறைச் சுவர்போலப் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறது. சரளையில் வாரியால் இழுத்த கோடுகள் நேராக ஓடிவந்து, பாறையைக் கண்டதும் வளையமாகச் சுற்றிக்கொள்கின்றன. நீங்கள் போகும் நாளில் சுவருக்கு மேலே செர்ரிக் கிளை பூத்துத் தொங்கினால் அது உங்கள் பாக்கியம்.

அத்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். தாழ்வார விளிம்பில் படி இருக்கிறது. காலைத் தொங்கவிட்டுச் சௌகரியமாக உட்காரலாம். காலையில் மரத்தரை சில்லென்று இருக்கும், தடித்த காலுறை போட்டுவிடுங்கள்.

பக்கத்திலேயே தங்கக் கோயில் கின்காகுஜி. 1950-இல் தீக்கிரையாகி, 1955-இல் மறுபடி கட்டியது. உள்ளே விடமாட்டார்கள், குளத்துக்கு இக்கரையிலிருந்துதான் தரிசனம். அரை மணி நேரம் போதும். பாதையில் படிகள் உண்டு, அத்தையை மெதுவாக அழைத்துப் போங்கள்.

மூன்றாவது எது என்பதற்கு அடுத்த கேள்வியிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: நம் தெய்வங்கள் ஜப்பானியக் கோயில்களிலும் இருக்கின்றனவாமே, உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாகப் போனவை. இந்திரன் அங்கே தைஷாகுதென், சரஸ்வதி பென்சைதென். கியோட்டோவின் தோஜி கோயிலில் இந்திரன் யானைமேல் அமர்ந்திருக்கிறார், நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மனம் போவதென்னவோ அதே ஊரிலுள்ள சஞ்சூசங்கென்தோ கோயிலுக்குத்தான். 1266-இல் மீண்டும் கட்டிய மண்டபம், சுமார் 120 மீட்டர் நீளம். உள்ளே 1001 கன்னோன் சிலைகள். கன்னோன் என்றால் நம் கண்ணன் அல்ல, கருணை வடிவான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர். அவர்களுக்குக் காவலாக 28 தேவர்கள். அந்த வரிசையில் அலகும் சிறகுமாக ஒருவர் புல்லாங்குழல் ஊதுகிறார். கருடன்! ஜப்பானியர் வாயில் கருரா. பெருமாளைச் சுமக்கும் கருடனை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, குழலோடு அவரைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதனால்தானோ என்னவோ, அந்த முகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

ஒன்று மட்டும்: பௌத்தக் கோயிலில் சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும். இரண்டு முறை கைதட்டிக் கும்பிடுவது ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் ஆலயங்களில்.

கேள்வி: ஜப்பானில் ஒரு தோட்டத்தில், கறுப்புக் கயிறு கட்டிய சிறு கல் பாதை நடுவே கிடந்தது. என் மகன் எடுக்கப் போக, பணியாளர் ஓடிவந்து தடுத்தார். பூஜைக் கல்லா?
– வாசகி, கோவை

பதில்: இல்லை. அதன் பெயர் செகிமோரி-இஷி. உள்ளங்கை அளவுக் கல்லில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு சுற்றி, மேலே பிடிபோல முடிச்சுப் போட்டிருப்பார்கள். ‘இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்று பொருள். தேநீர் விருந்துக்கு வருபவர் வழி தவறாமல் இருக்க வைப்பது. பலகை இல்லை, வேலி இல்லை, தாண்டக் குழந்தையாலும் முடியும். ஆனாலும் அங்கே யாரும் தாண்டுவதில்லை. மகனிடம் இதைச் சொல்லுங்கள்.