சிங்கப்பூரில் இந்தியர்கள் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை விற்கும்போது விலை குறைவது ஏன்?

எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் குறைவதுண்டு. 1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு வைக்கிறது: சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் சேர்த்து 15 (2010 வரை 13). வட்டார அளவில் தனி வரம்பும் உண்டு.

சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியரின் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. வாங்கினால் சீனர் விகிதம் கூடிவிடும். சீனர் இன்னொரு சீனருக்கு விற்கத் தடையில்லை, விகிதம் மாறாதே! ஆக, மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேர் அந்த இந்தியரின் வாசலுக்கே வர முடியாது. வரக்கூடிய சிலர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

கொள்கையின் நோக்கத்தை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். 1964இல் இனக் கலவரம் கண்ட ஊர் அது. 1980களில் பிடோக், தெம்பனீஸில் மலாய்க்காரர்களும் ஹவ்காங்கில் சீனர்களும் மறுபடி ஒரே பக்கம் குவியத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஊர் முழுவதும் அனுபவிக்கும் இணக்கத்துக்கு ஒரு சிறுபான்மைக் குடும்பம் தன் சேமிப்பிலிருந்து விலை கொடுப்பது அநியாயம். அரசும் இந்தச் சிரமத்தை ஒப்புக்கொண்டது. வெகுநாள் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 முதல் இருக்கிறது.

வாங்கும் முன்பே அந்தப் புளோக்கின் வரம்பு நிலவரத்தைக் கழகத்தின் இணையதளத்தில் பாருங்கள். மாதந்தோறும் முதல் தேதியில் அது புதுப்பிக்கப்படுகிறது.