மலிவு லெப்டொப்புக்கு ஏழாவது கிழமை: ஹட்டனிலிருந்து பதில்கள்

புது லெப்டொப் வாங்கிய முதல் இரண்டு கிழமை யாரும் என்னைத் தேடுவதில்லை. ஆறாவது ஏழாவது கிழமையில்தான் போன் அடிக்கும். ஹட்டன் டவுனில் திருத்த வேலை செய்கிறேன். வீட்டில் நான் பாவிப்பதும் மலிவு மெஷின்தான். வந்த கேள்விகளில் சில.

மஸ்கெலியா, உயர்தர மாணவி: அண்ணன், வாங்கும்போது நல்ல வேகம். இப்போது ஒன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிக்கலாம். 4 ஜீபி ரேம்.

தங்கச்சி, விண்டோஸ் 11 கேட்கும் ஆகக் குறைந்த அளவே 4 ஜீபிதான். அதாவது விண்டோஸ் உட்கார இடம் இருக்கும், நீங்கள் கால் நீட்ட இடம் இருக்காது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எதையும் திறக்காமலே எழுபது, எண்பது காட்டினால், அதே பெட்டியில் ஸ்டார்ட்அப் பட்டியலில் (மெஷின் ஒன் ஆனதும் தாமாக ஓடுபவை) தேவையில்லாததை நிறுத்துங்கள். கூடவே வந்த ட்ரயல் ஆன்டிவைரஸைத் தூக்கிவிடுங்கள், விண்டோஸில் இருப்பதே போதும். ப்ரௌசரில் இருபது பக்கம் திறந்து வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டாதீர்கள்.

ரேம் கூட்டலாமா என்பது மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் போர்டோடு ஒட்டியே வரும், ஒன்றும் செய்ய முடியாது. ஸ்லொட் இருந்தால் இன்னொரு 4 ஜீபி போட்டதுமே வித்தியாசம் தெரியும். பின்பக்கத்தைக் கழற்றினால் வொரண்டி போகுமா என்று முதலில் வாங்கிய கடையில் கேளுங்கள்.

லிந்துலை: சார்ஜ் போட்டுக்கொண்டு தொட்டால் கை சுள்ளென்கிறது. மெஷின் பழுதா?

கிழமைக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். அநேகமாகப் பழுது மெஷினில் இல்லை, சுவரில்தான். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டும் பாகங்கள் வழியாக மிகச் சிறிய கசிவு எப்போதும் உண்டு. எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். இல்லையென்றால் உலோக மூடியில் நின்றுகொண்டு உங்கள் விரலைத் தேடும். பழைய லயக் காம்பராக்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிளக் பொயின்ட்டில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதன் பின்னால் வயரே இருக்காது. ஒருமுறை ஒரு வீட்டில் பொயின்ட்டைக் கழற்றிப் பார்த்தேன்: எர்த் திருகு புதுசு போல மினுங்கியது. ஒரு வயரும் அதைத் தொட்டதே இல்லை!

மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கொன்வேட்டரில் சொருகுவதும், சதுரப் பொயின்ட்டின் மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி இரண்டு பின்னை நுழைப்பதும் இதே கதைதான். நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சார்ஜ் போடும்போது மெஷினைத் தொடாதீர்கள். லேசான சுள் இல்லை, உதறித் தள்ளுகிறது என்றால் அந்தப் பொயின்ட்டையும் சார்ஜரையும் பாவிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி உங்களுக்குத் தெரியும். முதல் முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே சார்ஜரைக் கழற்றுங்கள். ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்து. அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

நுவரெலியா: பழுதாகாமல் இருக்க பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைக்கிறேன். சரிதானே?

இல்லை அக்கா. பொலித்தீன் ஈரத்தை வெளியே நிறுத்துவதில்லை, உள்ளே பூட்டி வைக்கிறது. அப்படிச் சுற்றி வைத்த ஒன்று என் மேசைக்கு வந்தபோது, சார்ஜர் குத்தும் துளைக்குள் செப்புப் பாத்திரத்தில் போல பச்சை பூத்திருந்தது. தினமும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும். துணிப் பையில் ஒன்றிரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

குளிரில் கிடந்ததை அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுவந்ததும் ஒன் பண்ணாதீர்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி உள்ளேயும் படியும். அரை மணி, ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இராகலை: ஃபேன் லொறி மாதிரி இரைகிறது.

வீட்டில் விறகடுப்பா? அப்படியானால் விடை அதுதான். புகையும் தாளிக்கிற எண்ணெயும் தூசியோடு சேர்ந்து, ஊதினாலும் போகாத கறுப்புப் பிசினாகக் காற்றுப்பாதையை அடைத்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித் துடைக்கக் கொடுங்கள். கம்பளிப் போர்வை மேல் வைத்துப் படம் பார்க்கிறவர்களுக்கு: கீழே ஒரு பலகை வையுங்கள்.

பொகவந்தலாவை: போன் டேட்டாவில்தான் இணைக்கிறேன். மாதப் பொதி நாலு நாளில் முடிகிறது.

வைஃபை செட்டிங்கில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று மாற்றுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்குவது நிற்கும். ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் ஒன்ட்ரைவின் ஒத்திசைவையும் நிறுத்துங்கள். உங்கள் படங்களை ஏற்றியே பாதி டேட்டாவைத் தின்றிருக்கும். ஆனால் அப்டேட்டை அடியோடு மறந்துவிடாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் போடுங்கள்.

பண்டாரவளை: 256 ஜீபி என்று வாங்கினேன், 238தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆல் எண்ணுகிறது. சாமான் அதேதான்.

தலவாக்கலை, ஆசிரியை: பழைய வினாத்தாள்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

டீச்சர், அவை பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துருவை நிறுவினால் தமிழாகத் தெரியும். தனி எழுத்துரு இல்லாமலே எந்த மெஷினிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் கொம்பையும் காலையும் ஒருமுறை சரிபாருங்கள். புதிதாக அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். விண்டோஸிலேயே தமிழ் ஃபொனெட்டிக் விசைப்பலகை இருக்கிறது.

அப்புத்தளை: மூடியைத் திறக்கும்போது நறநறவென்று சத்தம்.

ஒரு மூலையைப் பிடித்துத்தானே திறக்கிறீர்கள்? நடுவில் பிடியுங்கள். மலிவு மெஷினில் கீல் திருகுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான் பிடித்து நிற்கும். சத்தம் வரும்போதே கொண்டுவந்தால் கீலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். பிளாஸ்டிக் பிய்ந்தபின் கொண்டுவந்தால் மூடியையே மாற்ற வேண்டி வரும், அந்தப் பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.