கொலை நடந்தது எத்தனை மணிக்கு?

வணக்கம் சார்,

கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். நான் படித்தது பத்தாவது வரைதான். மகள் பிளஸ் டூ, தமிழ் வழி. காலாண்டில் கணக்கில் 90-க்கு 52 எடுத்திருக்கிறாள். இன்ஜினியரிங் கட்-ஆஃபில் 200-க்கு 100 கணக்கிலிருந்துதான் என்பதால் பயமாக இருக்கிறது. இரண்டு கைடு வாங்கிக் கொடுத்தேன். வாட்ஸாப் குரூப்பில் வருகிற பிடிஎஃப் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் ஒரே கணக்குக்கு ஒரு கைடில் ஒரு விடை, இன்னொன்றில் வேறு விடை. எது சரி என்று தெரியாமல் ராத்திரி உட்கார்ந்து அழுகிறாள். கட்டாய வினா புத்தகத்துக்கு வெளியே இருந்து வருகிறதாம். கிரியேட்டிவ் கொஸ்டின் எல்லாவற்றுக்கும் சரியான விடையோடு, நம்பி வாங்கக்கூடிய புத்தகம் எது? கடைசிப் பாடத்தை விட்டுவிடலாம் என்கிறார்களே, விடலாமா? தினமும் ஒரு மாடல் பேப்பர் எழுதச் சொல்லட்டுமா? நீங்கள் முன்பு டியூஷன் எடுத்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

செ., கோவில்பட்டி

அன்புள்ள செ.,

இந்த மாதிரிக் கடிதங்கள் ஒவ்வொரு வருடமும் அரையாண்டுக்கு முன்னால் வரும். பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. எது சரி என்று தெரியாமல் அழுகிறாள் என்கிறீர்களே, அந்த வரி. போன வாரம்தான் அக்கா பையன் ஒருவன், கணக்கைப் போட்டோ எடுத்தால் விடை சொல்லும் ஆப்பை எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டான். அவன் போட்ட விடை சரிதான். ஆனால் ஆப் சொல்லும் வரை அது சரி என்று அவனுக்குத் தெரியவில்லை. அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கைடு வாங்கியது நீங்கள், பிரிண்ட் எடுப்பது நீங்கள், எனக்கு எழுதியதும் நீங்கள். கடிதம் முழுக்க அந்தப் பெண் அழுவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. எந்தப் பாடம் அவளுக்குப் பிடிக்கும், எதில் மாட்டிக்கொள்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. ராப்பகலாக மிஷின் மிதித்துச் சம்பாதித்த காசு பிரிண்ட் கடைக்குப் போகிறது. அந்தத் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றைக் கலக்கும். 52 ஒன்றும் மோசமான மார்க் இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவளோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள்.

இப்போது அந்த இரண்டு விடைகள். இரண்டுமே சரியாக இருக்கலாம் என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா? வெக்டர் பாடத்தில் இரண்டு புள்ளிகள் வழியாகப் போகும் கோட்டின் சமன்பாடு கேட்பார்கள். ஒரு கைடு முதல் புள்ளியை வைத்து எழுதியிருக்கும், இன்னொரு கைடு இரண்டாவது புள்ளியை வைத்து எழுதியிருக்கும். பார்க்க வேறு வேறாகத் தெரியும், கோடு ஒன்றுதான். முதல் புள்ளி இரண்டாவது சமன்பாட்டில் உட்காருகிறதா என்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தொகையிடலிலும் இப்படித்தான். சைனையும் காஸையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால், ஒருவர் சைன் ஸ்கொயரில் பாதி என்பார், இன்னொருவர் மைனஸ் காஸ் ஸ்கொயரில் பாதி என்பார். இரண்டையும் வகையிட்டால் ஒரே சார்புதான் வரும், வித்தியாசம் மாறிலியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. இது எதற்கும் மூன்றாவது கைடு வேண்டாம்.

வரலாற்றில் ஒரு வருடத்தைத் தப்பாக எழுதினால், அது தப்பு என்று அந்த விடையைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. வேதியியலிலும் பாதி விஷயம் யாரோ சோதனைக்கூடத்தில் பார்த்துச் சொன்னது. பள்ளிக் கணக்கு அப்படி இல்லை. பதினேழு வயதுப் பெண் யாரையும் கேட்காமல் தன் விடை சரியா என்று பார்த்துவிடக்கூடிய பாடம் இது ஒன்றுதான். அந்த உரிமையைத்தான் விடையோடு வருகிற புத்தகங்கள் பிடுங்கிக்கொள்கின்றன.

அவள் புத்தகத்திலேயே ஒரு கொலைக் கணக்கு இருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில், நியூட்டனின் குளிர்தல் விதிக்குக் கீழே. சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கூடுதல் சூடோ, அதற்கேற்ற வேகத்தில் ஒரு பொருள் ஆறும் என்பதுதான் அந்த விதி. இரவு 8 மணிக்கு ஒரு துப்பறிவாளர் பிணத்தைப் பார்க்கிறார், உடல் வெப்பநிலை 70 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு மணி நேரம் கழித்து 60. அறையின் வெப்பநிலை 50. உயிரோடு இருந்தபோது 98.6. கொலை எப்போது நடந்தது? கைடில் இது ஒரு பக்கம் போகும். மடக்கை (லாக்) மதிப்பெல்லாம் கொடுத்திருப்பார்கள், பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்வார்கள்.

பேனாவைத் தொடுவதற்கு முன் அவளை இப்படி யோசிக்கச் சொல்லுங்கள். அறையைவிட உடல் எவ்வளவு சூடு? 8 மணிக்கு 20 டிகிரி கூடுதல், 10 மணிக்கு 10 டிகிரி கூடுதல். இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. அந்த விதிப்படி ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் இதேபோல் பாதியாகும். அப்படியானால் பின்னால் போனால் இரட்டிப்பாகும். 6 மணிக்கு 40, 4 மணிக்கு 80. சாகும்போது எவ்வளவு கூடுதல்? 98.6-இல் 50 போனால் 48.6. அது 40-க்குச் சற்று மேல். ஆகவே கொலை 6 மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஐந்தரை வாக்கில். மடக்கை போட்டு வருகிற விடையும் ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்பு, 8 மணிக்கு முன்னால் என்று காட்டுகிற மைனஸை விட்டுவிடுவது. அப்போது இரவு பத்தரை என்று வரும். பிணத்தை 8 மணிக்குப் பார்த்தாகிவிட்டது, கொலை பத்தரைக்கு! நான் டியூஷன் எடுத்த காலத்தில் இந்தப் புத்தகம் இல்லை. ஆனால் இதே மாதிரிக் கணக்கில் இதே மாதிரி விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு நீட்டுவார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. விடையைப் பார்க்கிற வேலை தங்களுடையது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பேச ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது. ஒரு வளைவரைக்குக் கீழே பரப்பு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் ஸ்கொயர், 0 முதல் 2 வரை. கடைசி உயரம் 4, அகலம் 2, சுற்றிப் போட்ட செவ்வகம் 8. மூலைக்கு மூலை கோடு போட்டால் கீழே இருக்கும் முக்கோணம் 4. வளைவு அந்தக் கோட்டுக்கும் கீழே தொங்குகிறது. எனவே விடை 4-க்குள்தான் இருந்தாக வேண்டும். அவளுக்கு 16/3 வந்தால் அது ஐந்துக்கு மேல், மேல் பக்கத்துப் பரப்பை எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். 8/3 வந்தால் நிம்மதி. நேர்மாறு அணி கண்டுபிடித்தால் பழைய அணியோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். மேல் வரிசையில் 2, 1, கீழ் வரிசையில் 5, 3 என்ற அணிக்கு நேர்மாறு, அதே வரிசையில் 3, −1, −5, 2. அந்த முதல் மைனஸை மறந்திருந்தால், பெருக்கும்போது சைபர் வரவேண்டிய இடத்தில் 4 வந்து பல்லைக் காட்டும். அரை நிமிட வேலை. ஸ்டெப் மார்க் உண்டு என்பதால், எந்த வரியில் வழுக்கியது என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற பழக்கம் மார்க்குக்கும் நல்லது.

எனக்கு இதைப் பழக்கியவர் எங்கள் கணக்கு வாத்தியார். உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான். வருடத் தொடக்கத்தில் எல்லார் புத்தகத்தையும் வாங்கி, பின்னால் விடைகள் இருக்கும் பக்கங்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துவிடுவார். கணக்கைப் போட்டுவிட்டு நோட்டைக் கொண்டுபோய், “சரியா சார்?” என்று நீட்டினால் பார்க்கவே மாட்டார். “ஏன், உனக்குக் கண் இல்லையா? சரின்னு சொல்லு, பந்தயம் கட்டு” என்பார். பந்தயம் ஒரு கடலைமிட்டாய். சரியாக இருந்தால் அவர் தருவார், தப்பாக இருந்தால் நாம் தர வேண்டும். கையில் காசில்லாத பையன்கள் நாங்கள். ஒரு கடலைமிட்டாயைக் காப்பாற்ற விடையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மேஜைக்குப் போவோம். சில நாள் பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவோம். அவர் கண்டும் காணாததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அதிலும் கெட்டிக்காரன் ஒருவன் தப்பான கணக்கை எடுத்துப்போய், “தப்புன்னு பந்தயம்” என்று சொல்லி மிட்டாய் வாங்கினான். சார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு நானே ஒரு மாடியில் டியூஷன் எடுத்தேன். அது 200 மார்க் பரீட்சைக் காலம். பத்து மார்க் கேள்வியில் காஸ் (ஏ − பி) சூத்திரத்தை வெக்டர் முறையில் நிறுவச் சொல்வார்கள். ஒரு பையன் புள்ளி பிசகாமல் எழுதினான், படம்கூட அச்சு மாதிரி இருந்தது. ஏ, பி என்ற எழுத்துகளை மாற்றி பி, க்யூ என்று கேட்டேன். பேனா நின்றுவிட்டது. சரி, ஏ 90, பி 30 என்று போட்டு சூத்திரம் வேலை செய்கிறதா பார் என்றேன். “அது கேக்க மாட்டாங்க சார்” என்றான். கைடுக்கு அவனைக் குறை சொல்ல உரிமை கிடையாது, அது சொன்னபடிதான் அவன் நடந்தான்.

கட்டாய வினா பற்றிய பயமும் இதில்தான் இருக்கிறது. இரண்டு மார்க்கில் ஒன்று, மூன்று மார்க்கில் ஒன்று, சேர்த்து 5 மார்க். அதற்காக ஆயிரம் கிரியேட்டிவ் கொஸ்டின் பிரிண்ட் எடுத்தாலும் பரீட்சையில் ஆயிரத்து ஒன்றாவது கேள்வி வரும். ஒரு வாரத்துக்கு அவளையே அவற்றை உருவாக்கச் சொல்லுங்கள். புத்தகத்துக் கணக்கில் ஒரு எண்ணை மாற்றி, தானே போட்டு, தானே சரிபார்க்கட்டும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எந்தக் கைடு நல்லது என்று சொல்லப் போவதில்லை. பாடநூல் இரண்டு தொகுதி, 12 பாடம். எடுத்துக்காட்டுகளை விடையை மூடிவைத்துப் போட்டாலே பல மாத வேலை இருக்கிறது. அதற்கு மேல் பழைய பொதுத்தேர்வுத் தாள்கள். இந்தப் பாடத்திட்டத்தில் முதல் தேர்வு 2020 மார்ச்சில் நடந்தது. 2021-இல் கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. எனவே 2020-க்கு முந்தைய தாள்களை ‘முக்கிய வினாக்கள்’ என்று யாராவது அனுப்பினால் அதை நம்பித் தயாராக வேண்டாம், பாடமும் வேறு, 2018 வரை மார்க்கே 200. துணைத் தேர்வுத் தாள்களையும் சேர்த்துக்கொண்டால் போதுமான அளவுக்கு இருக்கிறது. தினமும் மாடல் பேப்பர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து. அதில் கடைசி இருபது நிமிடம் புதுக் கணக்குக்குக் கிடையாது, போட்டதைச் சரிபார்க்க மட்டும்.

கடைசிப் பாடத்தை விடலாம் என்று சொன்னவர் யார் என்று தெரியவில்லை. அந்தப் பாடத்தில் வருகிற மெய்மை அட்டவணை அவருக்குப் போடத் தெரியாது என்று நினைக்கிறேன். இரண்டு கூற்று, நான்கு வரிசை, சரி தவறு என்று நிரப்பிக்கொண்டே போனால் மார்க் வந்துவிடும். இந்தத் தாளில் அதைவிட லேசான மார்க் கிடையாது. அந்தப் பாடத்தை விட வேண்டாம். வீட்டில் இருக்கிற இரண்டு கைடில் ஒன்றை அவளே வைத்துக்கொள்ளட்டும், இன்னொன்றைப் பழைய புத்தகக் கடையில் போடுங்கள். எதைப் போடுவது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.