1936-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் கட்சிப் பெயரே இல்லாமல் போனது எப்படி?

காரணம் 1934 நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பு. சட்டமன்றத்தை ஒரே அவையாக்கி, கட்சிப் பெயரையும் நீக்கும் அரசியலமைப்புத் திருத்தம் அதில் நிறைவேறியது. அதுவரை அங்கே இரண்டு அவைகள்: கீழவையில் 100 பேர், மேலவையில் 33 பேர். இரண்டும் ஒரே மசோதாவை வெவ்வேறு வடிவில் நிறைவேற்றினால், சிலர் மட்டுமே கொண்ட கூட்டுக்குழு மூடிய அறையில் இறுதி வடிவம் எழுதும். யார் எதை வெட்டினார் என்பது வாக்காளருக்குத் தெரியவே தெரியாது. திருத்தத்துக்காகப் பிரசாரம் செய்த, நெப்ராஸ்காவின் அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் முக்கியமாக எதிர்த்தது இதைத்தான், சரியாகவே எதிர்த்தார். 1930களின் பெரும் பொருளாதார மந்தமும் வறட்சியும் வாட்டிய நேரம் என்பதால் செலவு குறையும் என்ற வாதமும் எடுபட்டது. ஆதரவு 2,86,086, எதிர்ப்பு 1,93,152.

திருத்தம் 30 முதல் 50 உறுப்பினர் வரை அனுமதித்தது. 43 என முடிவானது. சம்பளத்துக்கு ஆண்டுக்கு மொத்தம் 37,500 டாலர், தலைக்குச் சுமார் 872. முதல்நிலைத் தேர்தலில் கட்சி பாராமல் எல்லோரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். அதிக வாக்கு பெற்ற இருவர் நவம்பரில் மோதுவார்கள். ஆகவே இறுதிப் போட்டியில் ஒரே கட்சிக்காரர் இருவர் நிற்கவும் கூடும். கட்சி அடையாளம் இல்லாததால் வேட்பாளரைத் தனியாக விசாரித்து அறியும் சுமை வாக்காளர் தலையில் விழுகிறது. பலவீனம் என்றால் இதுதான்.

இரண்டு அவைகளும் இருந்த 1935 கூட்டத்தொடர் 110 நாள், செலவு 2,02,593 டாலர். 1937-ன் முதல் ஓரவைக் கூட்டத்தொடர் 98 நாள், 1,03,445 டாலர்.